பதிவேட்டில் இல்லாத அழைப்புகள்

ஊர்காவற்றுறையில் ஒரு தொண்டுச் சபை நடத்தும் சிகிச்சை நிலையத்தில் பிரியவதனிக்குத் தொலைபேசி எடுப்பதுதான் வேலை. பதினொரு வருடமாக நாரந்தனையிலிருந்து சைக்கிளில் வந்து, காலை ஆறு மணிக்கே கதிரையில் உட்கார்ந்துவிடுவாள். அனலைதீவிலிருந்து ஏழு மணிக்குப் படகு வெளிக்கிடும். இன்றைக்கு டொக்டர் வருகிறாரா என்று அதற்கு முன் கேட்டறிந்தால்தான் அங்குள்ள நோயாளர் நம்பி ஏறலாம்.

இடம்பெயர்ந்து வவுனியாவில் இருந்த காலத்தில் அவள் ஒரு தொலைபேசிக் கடையில் நின்றவள். வெளிநாட்டு அழைப்புக்காகக் காத்திருப்பவர்களின் முகம் அவளுக்குப் பழக்கம். அதனாலோ என்னவோ, யார் எதைக் கேட்டாலும் எரிந்து விழமாட்டாள்.

நிலையத்தின் பழைய தொலைபேசி இணைப்புப் பெட்டி பழுதாகிவிட்டது. வெளியே இரண்டு லைன், உள்ளே பதினொரு அறைகள். புதியது போடுவதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து தேனுஜன் என்ற பொறியியலாளர் வந்தான். ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு வருகிறது என்று கேட்டான். பிரியவதனி பதிவேட்டை எடுத்துக் கொடுத்தாள். எண்பது, எண்பத்தைந்து. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் என்று வைத்தால் மூன்று மணித்தியாலம்கூட இல்லை. இரண்டு லைனே காணும், எதற்கும் மூன்று போடுவோம் என்றான். நிர்வாகி சிவபாதத்துக்கும் அது திருப்தியாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை, காலில் ஆறாத நீரிழிவுப் புண்ணோடு கத்தரீனா என்ற அனலைதீவுப் பெண் படகேறி வந்தாள். சலரோக டொக்டர் அன்று வரவில்லை. வர முன்னம் ஒரு போன் எடுத்திருக்கலாமே என்று பிரியவதனி கேட்டாள்.

"ஒன்பது தரம் எடுத்தனான் பிள்ளை. ஒருக்காலும் லைன் கிடைக்கேல்லை," என்றாள் கத்தரீனா. குரலில் கோபம் இல்லை.

அவள் போனபிறகு பிரியவதனி பதிவேட்டைத் திறந்து அன்றைய பக்கத்தைப் பார்த்தாள். அந்த ஒன்பதில் ஒன்றுகூட அங்கே இல்லை. லைன் கிடைத்தவர்களை மட்டுமே அவள் இத்தனை வருடமும் எழுதி வந்திருக்கிறாள். அதை வைத்துத்தான் பெட்டியின் அளவைத் தீர்மானிக்கிறார்கள்.

மறு வாரம் புதன்கிழமைக்கு லீவு போட்டு, தன் இடத்துக்கு ஒருவரை ஒழுங்குபண்ணிவிட்டு, முதல் நாளே அனலைதீவுக்குப் போய் உறவுக்காரர் வீட்டில் தங்கினாள். காலையில் இறங்குதுறையில் நின்று, படகுக்கு வந்தவர்களிடம் அவர்களுடைய கைத்தொலைபேசியைக் காட்டச் சொல்லிக் கேட்டாள். நிலையத்துக்கு வெளிக்கிட்டவர்கள் இருபத்திரண்டு பேர். பதினான்கு பேர் அழைத்திருந்தார்கள், எல்லாமாக அறுபத்தொரு தரம். ஐந்து பேருக்குத்தான் பதில் கிடைத்தது. எல்லாவற்றையும் நேரத்தோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள்.

லீவு எடுத்துப்போட்டு அங்கே ஏன் போனீர் என்று சிவபாதம் முகம் சுளித்தார். தேனுஜன் மட்டும் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். ஒரே ஆள் திரும்ப எடுப்பதையெல்லாம் கூட்டக்கூடாது, ஆனால் இந்தப் பதினான்கு பேரும் அரை மணித்தியாலத்துக்குள் வருகிறார்கள், அதைத்தான் பார்க்கவேண்டும் என்றான். மற்றத் தீவுகளையும் சேர்த்து ஆறு லைன் என்று எழுதினான். பிறகு லைனைக் கூட்டுவதற்குப் பெட்டியில் இடமும் விட்டான்.

பிரியவதனி சற்று யோசித்தாள்.

"ஆறு லைன் வந்தாலும், எடுக்கிறதுக்கு நான் ஒராள்தானே சேர்?"

அப்போதுதான் சிவபாதம் தன் கதிரையை முன்னால் இழுத்துப்போட்டு அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். மருந்தகத்தில் வேலை செய்யும் துஷாந்தி படகுக்கு முந்தின அந்த ஒரு மணித்தியாலம் வந்து உதவலாம் என்றார். பிறகு, "டொக்டர்மார் வாற கிளினிக் நாளிலை நானும் வந்து ஒண்டை எடுக்கிறன்," என்றார்.

புதுப் பெட்டி பொருத்திய முதல் புதன்கிழமை, ஆறரைக்கு ஆறு விளக்கும் ஒன்றாக எரிந்தன. இங்கே மூன்று பேர் எடுக்க, மற்ற மூன்று பேர் லைனில் காத்திருந்தார்கள். சிவபாதத்துக்கு எந்த டொக்டர் எந்த நாள் என்பது தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு பிரியவதனியிடம் கேட்டார். மூன்றாவது அழைப்போடு தானே ஒரு அட்டையில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டார்.

அன்று கண் டொக்டர் வரமாட்டார் என்பதை அறிந்து ஏழு பேர் படகேறவில்லை. அந்த ஏழு பேரையும் அவள் பதிவேட்டில் எழுதினாள். இன்னும் எத்தனை பேருக்கு லைன் கிடைக்காமல் போயிருக்கும் என்பது இங்கே கதிரையில் இருந்து பார்த்தால் தெரியாது. அடுத்த லீவு எப்போது எடுக்கலாம் என்று சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தாள்.