கைப்பிடி உயரம்

இப்போது நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ட்ராலியை இழுக்கக் கூடாது, தள்ளத்தான் வேண்டும். சேர்ந்த அன்றைக்கே அதற்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார்கள். இழுத்தால் இடுப்பு போய்விடும் என்று சூப்பர்வைசர் படம் காட்டிச் சொன்னார். அவருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். இடுப்பு எப்படிப் போகும் என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் ஐந்தாவதோடு நின்றவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்து பழக்கமும் இல்லை. சரி சார் என்று தலையாட்டிவிட்டுத் தள்ளப் போய்விட்டேன். ஷிப்ட் முடிந்து ஒரகடத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கால் இரண்டும் கனத்துப் போயிருக்கும். மனம் எதிலும் நிற்காது. அந்த மாதிரி நேரத்தில்தான் நான் தள்ளிய முதல் ட்ராலி ஞாபகத்துக்கு வருகிறது.

அது 1991. எனக்குப் பத்து வயது. சுங்குவார்சத்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மெயின் ரோட்டை ஒட்டி அப்பாவின் ஷெட் இருந்தது. அதன் பின்னாலேயே வீடு. அப்பா டிங்கர் வேலை செய்பவர். அடிபட்ட வண்டிகளின் தகரத்தைத் தட்டி நேராக்கி, பட்டி வைத்து, பெயிண்ட் அடித்துக் கொடுப்பார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அவருக்குத் துணை. மாமாவுக்கு வேலை பாதி, பேச்சு பாதி. அக்கா புருஷன் என்பதால் அவரும் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் கோடையில் ரைஸ் மில்காரர் ஒருவர் தன் அப்பா காலத்துக் கார் ஒன்றை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. காரைச் சுற்றி வந்து பார்த்த அப்பா, குனிந்து அடிப்பக்கத்தை விரலால் குத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. அவ்வளவு துரு. மேல்கூடு முழுவதையும் தனியாகக் கழற்றினால்தான் அடியில் கை வைக்க முடியும் என்றார். கழற்றினார்கள். என்ஜினும் அடிச்சட்டமும் ஒரு மூலைக்குப் போயின. பாடி மட்டும் நான்கு டிரம்களின் மேல் உட்கார்ந்திருந்தது. கதவும் கண்ணாடியும் இல்லாமல், அது பார்ப்பதற்குத் திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தது.

தகரம் தட்டுவதற்கு வெளிச்சம் வேண்டும், அதற்கு பாடி வெளியே இருக்க வேண்டும். பெயிண்ட் அடித்தால் ரோட்டில் போகும் லாரிகளின் புழுதி ஒட்டிக்கொள்ளும், அதற்கு உள்ளே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தூக்கி வைக்க ஆறு பேர் தேவை. முன்பெல்லாம் செங்கல் சூளையில் இருந்து ஆட்கள் கூப்பிட்ட உடனே வருவார்கள். அந்த வருஷம் ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனி வருகிறது என்று ஒரு பொட்டலைச் சுற்றிக் காம்பவுண்டு சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். தோள் வலு உள்ளவர்கள் எல்லாம் அங்கே போய்விட்டார்கள். ஒரு நாள் நான்கு பேராகவே தூக்கிப் பார்த்தார்கள். அன்று அப்பாவுக்கு இடுப்பு பிடித்தது. அதற்கப்புறம் செருப்பு மாட்டுவதற்குக்கூட அவர் சுவரைப் பிடித்துக்கொள்வார்.

இதெல்லாம் நடந்தபோது என் டி.சி. அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான். ஆறாவதுக்கு சுங்குவார்சத்திரத்தில் இருந்த பெரிய பள்ளிக்கூடம். அங்கே மாடி உண்டு. மாடி ஜன்னலில் நின்றால் ரோட்டில் போகிற லாரிகளின் மேல்பக்கம் தெரியும் என்று ஒரு பையன் சொல்லியிருந்தான். பிறந்ததில் இருந்து லாரிகளைக் கீழே இருந்தே பார்த்தவன் நான். மேலே என்ன ஏற்றிப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆறாவது படிக்க எனக்கு இருந்த காரணம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஆசை ராத்திரியெல்லாம் தூங்க விடவில்லை.

அம்மா என்னைத் தையல்கடைக்கு அழைத்துப்போய்க் காக்கி டிராயருக்கு அளவு கொடுத்தாள். "வளர்ற பையன், கீழ நல்லா மடிச்சித் தைங்க" என்று இரண்டு முறை சொன்னாள். தைத்து வந்த டிராயரில் உள்பக்கம் ஒரு சாண் துணி மடித்திருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அப்பா கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும். அம்மா கேட்கும்போதெல்லாம் அப்பா ஒரே பதில்தான் சொன்னார்.

"இந்த பாடி உள்ள போவட்டும். அப்பால கூட்டிகினு போறேன்."

அதனால் அந்த பாடி ஷெட்டுக்குள் போக வேண்டும் என்று வீட்டில் எல்லோரையும்விட அதிகமாக ஆசைப்பட்டவன் நான்தான்.

சக்கரம் வைத்த ட்ராலி ஒன்று செய்துவிடலாம் என்பது அப்பாவின் யோசனை. காயலான் கடையில் இருந்து இரும்பு ஆங்கிள்களும், ஏதோ மிஷினுக்கு அடியில் இருந்த நான்கு இரும்புச் சக்கரங்களும் வந்தன. உள்ளங்கை அளவுதான் இருக்கும். நான்கும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும். அதுதான் வசதி என்று மாமா சொன்னார். அப்பா சணல் கயிற்றால் பாடியின் அடியை அளந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார். ஆங்கிளை அறுத்து, மூலைகளில் முதலில் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து, கோணல் இல்லை என்று பார்த்த பிறகு முழுக்கப் பற்றவைத்தார். பாடி உட்காரும் இடங்களில் பழைய டயரை வெட்டி வைத்தார். குனியவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் மூன்று நாள் அந்த வேலையைச் செய்தார். நடுநடுவே எழுந்து, கை இரண்டையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். நான் தண்ணீர் கொடுப்பேன். வாங்கிக் குடிப்பார்.

வெள்ளிக்கிழமை காலை டீக்கடையில் நின்றிருந்தவர்களையும் ஒரு லாரி டிரைவரையும் கிளீனரையும் மாமா பேசியே அழைத்து வந்துவிட்டார். ஆறு பேராகத் தூக்கி பாடியை ட்ராலி மேல் வைத்தார்கள். டீயைக் குடித்துவிட்டு அவர்களும் போய்விட்டார்கள். இனி தள்ள வேண்டியதுதான். அப்போதுதான் மாமா நான்கு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இதுக்கெல்லாம் எதுக்குடா?" என்றார் அப்பா.

"சக்கரம் கீதா இல்லியா மாமா? சக்கரம் இருந்தா அது வண்டி. புது வண்டிய பூசை போடாம யாருனா எடுப்பாங்களா?"

அப்பாவுக்கு வாதாடத் தெம்பில்லை. சூடம் கொளுத்தினார்கள். நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். லாரி, பஸ் என்றால் ஏறி நசுக்கிவிட்டுப் போகும். உள்ளங்கை அளவு சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் ஒரு குன்று. தள்ளினார்கள், ஏறவில்லை. மாமா "முருகா" என்று கத்திக்கொண்டு தள்ளினார், அப்போதும் ஏறவில்லை. கரண்டியோடு வாசலில் நின்றிருந்த அம்மா சிரிக்காமல் சொன்னாள்: "ரெண்டு ஆம்பள சேந்து நாலு எலுமிச்சம்பழத்த நசுக்க முடில. இவங்க காரு ஓட்டி கல்யாணம் நடக்கப்போவுது."

அந்தப் பேச்சுக்குத்தான் இருவரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். ஒரு பழம் நசுங்கியது. மற்ற மூன்றையும் நசுக்காமல், சக்கரங்கள் அந்தந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு விலகிப் போயின. ட்ராலி ஷெட்டுக்குப் போகாமல் பக்கவாட்டில் நகர்ந்தது. அந்தப் பக்கம் தரை சரிவு. ரோடு போட்டவர்கள் மிச்சத் தாரைக் கொட்டி மெழுகிவிட்டுப் போன இடம் அது. சரிவு முடிகிற இடத்தில் மழைத்தண்ணீர்ப் பள்ளம், ஓர் ஆள் ஆழம்.

"புடிரா மச்சான்!" என்று அப்பா கத்தினார். மாமா பிடித்தது பாடியின் ஜன்னல் ஓரத் தகரத்தை. கை அறுபட்டு விட்டுவிட்டார். அப்பா முன்னால் ஓடி, திரும்பி நின்று, முதுகைக் கொடுத்தார். செருப்பு தாரில் தேய்ந்துகொண்டே பள்ளத்தின் பக்கம் போனது. ட்ராலி வேகமாகப் போகவில்லை. நிற்கவும் இல்லை. அப்பாவுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நான்கு எட்டு இருந்தது.

எனக்கு அப்போது பயம் வரவில்லை. பாடி பள்ளத்தில் விழுந்தால் திங்கட்கிழமை இல்லை என்பது மட்டும் தெரிந்தது. எலுமிச்சம்பழத்தையே தாண்டாத சக்கரம் செங்கல்லை எப்படித் தாண்டும் என்று தோன்றியது. அடுப்புக்குக் கொண்டுவந்து போட்டிருந்த செங்கல் இரண்டை எடுத்துக்கொண்டு ஓடிப் போய், அப்பாவின் காலுக்குப் பக்கத்தில் இருந்த சக்கரத்துக்கு முன்னால் ஒன்றையும், அடுத்த சக்கரத்துக்கு முன்னால் ஒன்றையும் வைத்தேன். டக்கென்று நின்றுவிட்டது.

அப்பா அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அம்மாவும் மாமாவும் இரண்டு பக்கமும் பிடித்துக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். மாமா கையில் துணியைச் சுற்றிக்கொண்டே என் தலையைப் பிடித்து ஆட்டினார்.

"ஆறு ஆளு தூக்குனத இவன் ரெண்டு செங்கல்லுல நிறுத்திட்டான் மாமா! ஊமையா இருந்துகினு இன்னா மூளைடா ஒனக்கு? இனிமே எவன் கால்லயும் போய் வுழ வேணாம் மாமா, இவன் ஒருத்தன் போதும்!"

படுத்தபடியே அப்பா என்னைப் பார்த்தார். அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அதற்கு முன்னால் இல்லை. வகுப்பில்கூட எழுந்து நின்று பதில் சொல்லாத பையன் நான். என்னை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. அன்று பூராவும் அந்த வார்த்தையை நானே எனக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்: இவன் ஒருத்தன் போதும்.

சனிக்கிழமை மாமா நாலு பேரைப் பிடித்து ட்ராலியைச் சரிவில் இருந்து ஷெட் வாசலுக்கு ஏற்றிவிட்டார். அப்பா கட்டிலை ஷெட்டுக்கே கொண்டுவரச் சொன்னார். படுத்துக்கொண்டே மாமாவை வேலை வாங்கினார். முன் சக்கரம் இரண்டையும் திரும்பாதபடி பற்றவைத்துவிட்டார்கள். பின் சக்கரம் இரண்டு மட்டும் திரும்பும். அப்புறம் தள்ளுவதற்குக் கைப்பிடி. இரண்டு பக்கமும் நிற்கிற மாதிரி இரண்டு ஆங்கிள், குறுக்கே ஒரு பைப். மாமா என்னை அதன் பக்கத்தில் நிறுத்தினார்.

"நிமிந்து நில்ரா."

என் நெஞ்சுக்கு நேராக ஆங்கிளில் சாக்பீஸால் கோடு போட்டார். தையல்கடையில் நின்றது மாதிரியே இருந்தது. எனக்கென்று அளவெடுத்து ஒரே வாரத்தில் இரண்டு பொருள். கோடு போட்ட இடத்தில் டிரில் வைத்து ஓட்டை போட்டார் மாமா. அதில் பைப்பை போல்ட் போட்டு மாட்டலாம் என்று எழுந்தவரை, அப்பா கை காட்டி நிறுத்தினார். அதற்கு மேலே ஒன்று, அதற்கும் மேலே ஒன்று என்று போட்டுக்கொண்டே போகச் சொன்னார்.

"இத்தினி இன்னாத்துக்கு மாமா?"

"வருசத்துக்கு ஒண்ணு. வளர்ற பையன்டா" என்றார் அப்பா.

அம்மா சொன்ன அதே வார்த்தை. இருவரும் ஒரே மாதிரி பேசுவது அபூர்வம் என்பதால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் தனியாகவே அந்த பாடியை ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனேன். தொட்டால் போதும், போனது. வெளியே கொண்டுவந்து, மறுபடி உள்ளே தள்ளிக் காட்டினேன். மாமா கைதட்டினார். பாடி உள்ளே போயாயிற்று. அப்பா சொன்ன சொல்லில் ஒரு பாதி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். காக்கி டிராயரைப் போட்டுக்கொண்டு ஓடி அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அந்த டிராயரை நான் கடைசியில் ஷெட்டில்தான் போட்டுக் கிழித்தேன் என்பது பிற்பாடு வந்த கதை.

அம்மா ட்ராலியைச் சுற்றிப் பார்க்கவில்லை. பாடியையும் பார்க்கவில்லை. கைப்பிடிக்குப் பக்கத்தில் போய் நின்று, என் நெஞ்சுக்கு நேராக பைப் இருப்பதைப் பார்த்தாள். அதற்கு மேலே வெறுமனே இருந்த ஓட்டைகளில் ஒவ்வொன்றாக விரலை வைத்துக்கொண்டே போனாள். கடைசி ஓட்டை அவள் தோளுக்குச் சமமாக இருந்தது. அங்கே விரல் நின்றது. கட்டிலில் படுத்திருந்த அப்பாவின் பக்கம் திரும்பினாள். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"அஞ்சி" என்றாள் அம்மா, யாரிடமும் இல்லாமல்.

அம்மா பள்ளிக்கூடம் போகாதவள். கணக்கில் தப்பு விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். பைப் மாட்டியிருந்த அடி ஓட்டையை அவள் சேர்க்கவில்லை. ஐந்தாவது பாஸ் பண்ணியவன் என்ற பெருமையோடு, போல்ட் மேல் கை வைத்துக் காட்டி நான் அவளைத் திருத்தினேன்.

"ஆறும்மா."