இடுப்பில் வெட்டிய பதினொரு உடுப்புகள்

சோணையம்மாள் பிறந்தது காளையார்கோவிலுக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில். பள்ளிச் சான்றிதழில் 1980 ஜூன் ஒன்று என்றிருக்கிறது. அந்த ஊரில் பாதிப் பேர் ஜூன் ஒன்றில் பிறந்தவர்களே. அவருடைய தாயார் நினைவில் இருந்ததோ ஐப்பசி அடைமழை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபது வயதில் லாரி ஓட்டுநர் உடையப்பனுக்கு வாழ்க்கைப்பட்டுக் காரைக்குடிக்கு வந்தார். சித்தாள் வேலை பார்த்தார், கருவேலம் வெட்டினார், நூறுநாள் வேலைக்கும் போனார். எங்கே போனாலும் சேலைக்கு மேல் உடையப்பனின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வார். முள்ளுக்கும் வெயிலுக்கும் அதைவிட நல்ல கவசம் அந்தச் சீமைப் பெண்களுக்குத் தெரியாது.

2021இல் கலீல் ரகுமானின் தோட்டப் பராமரிப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். கலீல் துபாயில் ஒன்பது ஆண்டுகள் பூங்கா வேலை பார்த்துத் திரும்பியவர். பழைய பெரிய வீடுகள் பல ஓட்டல்களாகிவிட்ட ஊரில் புல்தரைக்கும் செடிவேலிக்கும் ஆள் தேவைப்படும் என்று கணித்து, கோவிலூர்ச் சாலையில் ஒரு கொட்டகையும் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியுமாகத் தொடங்கினார். வேலைக்குப் பதினொரு பெண்கள். அவர்களில் ஒருவரான சோணையம்மாளே மேஸ்திரி.

கலீல் நல்ல மனிதர். உடுப்பு இல்லாத வேலையாளை வாசல் காவலாளிகூட மதிக்கமாட்டான் என்பதை அயல்நாட்டில் பட்டறிந்தவர். ஆகவே 2024 பங்குனியில் பதினொரு பேருக்கும் பச்சை நிறத்தில் உடுப்புத் தைத்துக் கொண்டுவந்தார். சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகத் தைத்த ஒற்றை உடுப்பு. கால்வழியே நுழைந்து கழுத்துவரை ஜிப்பை ஏற்ற வேண்டும். துபாயில் அதற்குக் கவரால் என்று பெயர். முதுகில் நிறுவனத்தின் பெயர் பளிச்சென்று இருந்தது.

அதைப் போடாமலிருக்கப் பெண்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். புழுங்குகிறது என்றார்கள், கலீல் மெல்லிய துணியாக மாற்றினார். வீட்டில் வைகிறார்கள் என்றார்கள்; வீடு வீடாகப் போய்க் கணவன்மாரிடம் பேசிவிட்டு வந்தார். மெய்யான காரணத்தை மட்டும் எவரும் சொல்லவில்லை. அவர்கள் வழக்கமாகப் போகும் ஓட்டலின் கழிப்பறைகள் தோட்ட ஆட்களுக்குத் திறப்பதில்லை. சேலையில் இருந்தால் செடி மறைவில் ஒரு நொடி வேலை. கவராலில் இருந்தால் கழுத்திலிருந்து கணுக்கால்வரை அவிழ்க்க வேண்டும். இதை ஓர் ஆண்பிள்ளை முதலாளியிடம் எந்த வாயால் சொல்வது? அதற்குத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதே மேல் என்று அவரவர் மனத்துக்குள் முடிவு செய்துகொண்டார்கள். சித்திரை பிறந்ததும் கலீல் கண்டிப்பாகவே அறிவித்தார்: கவரால் இல்லாதவர்கள் வண்டியில் ஏற வேண்டாம். வேறு வழியின்றி எல்லாரும் போட்டுக்கொண்டார்கள்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய சனிக்கிழமை, ஐம்பத்தேழு வயதும் சர்க்கரை நோயும் உள்ள அக்கம்மாள் செடிவேலி ஓரம் சுருண்டு விழுந்தார். அரசு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது சோணையம்மாளின் கையைப் பிடித்தார்.

"பாய்கிட்ட வெயில்னு சொல்லிரு. வேற ஒண்ணும் பேசிராத. மானம் போயிரும்."

"நீ விழுந்து கெடந்தப்ப ஜிப்பை நாந்தேன் இறக்குனேன். சுத்தி அம்புட்டுப் பேரு நின்னாக. இனிமே போறதுக்கு என்ன மானம்?"

ஆனாலும் அன்று கலீலிடம் வெயில் என்றுதான் சொன்னார். சொன்ன பொய் இரவெல்லாம் உறுத்தியது. ஞாயிறு காலை எல்லார் வீட்டுக்கும் போய்க் கவரால்களை வாங்கிவந்து, கத்திரியை எடுத்து இடுப்போடு வெட்டினார். மேல்பாதியின் ஓரத்தை மடித்துத் தைத்தால் நல்ல முழுக்கைச் சட்டை. உடன் வேலை பார்க்கும் பாண்டீஸ்வரி பதறிப்போனாள்.

"கம்பெனி சாமான்க்கா. வேலை போயிரும்."

"போனா வெட்டுனவளுக்குத்தேன் போகும். நீ போட்டுக்கிட்டு வா."

அப்படிச் சொன்னாரே தவிர, அந்த வேலை போனால் மறுபடி கருவேலங்காடுதான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். உடையப்பனுக்கு அப்போது முதுகெலும்புக் கோளாறு. வண்டி ஓட்டி ஓராண்டாகியிருந்தது.

திங்கட்கிழமை, மே ஆறு. காலை ஆறு மணிக்கு, வீட்டில் படுத்திருந்த அக்கம்மாள் நீங்கலாக, பத்துப் பெண்களும் சேலைக்கு மேல் பச்சைச் சட்டையோடு கொட்டகையில் நின்றார்கள். கலீல் பார்த்தார்.

"இது என்னக்கா கோலம்?"

"சட்டை."

"நான் குடுத்தது கவரால்."

"நீங்க குடுத்ததுதேன். கீழ்ப்பாதி இந்தச் சாக்குல இருக்கு, எடுத்துக்கோங்க."

"யாரைக் கேட்டு வெட்டுனீக?"

"தைக்கையில நீங்க யாரைக் கேட்டீக?"

வண்டி ஓட்டுநர் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். கலீலின் குரல் உயர்ந்தது.

"துபாய்ல ஆயிரம் பேரு இதைப் போட்டு வேலை பாக்குறாக. ஒருத்தரும் கத்திரியத் தூக்கல."

"அந்த ஆயிரத்துல பொம்பளைக எத்தனை பேரு பாய்?"

சோணையம்மாளே தொடர்ந்தார். "ஒண்ணுக்குப் போகணும்னா இதைக் கழுத்துல இருந்து கால் வரைக்கும் உரிக்கணும். அதுவும் செடி மறைவுல. அதுக்குப் பயந்துதேன் ஒருத்தியும் தண்ணி குடிக்கிறதில்ல. அக்கம்மாக்கா விழுந்ததும் அதனாலதேன். வெயில்னு நான் சொன்னது பொய்."

பெண்கள் தரையைப் பார்த்தார்கள். கலீலின் முகம் வெளிறியது. ஆனால் பத்துப் பேருக்கு முன்னால் இறங்கிப்போக முதலாளிக்கு மனம் வரவில்லை.

"அதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். வெட்டுனது வெட்டுனதுதான். உடுப்பைக் கழட்டி வச்சுட்டு நீங்க வீட்டுக்குப் போங்க. மத்தவுக ஏறுங்க."

"கழட்டவும் மாட்டேன், வீட்டுக்கும் போக மாட்டேன். இன்னிக்கு ஓட்டல்ல வேலி வெட்டுற முறை. நான் நடந்தே போறேன்."

சாலையில் இறங்கி நடந்தார். பின்னால் பாண்டீஸ்வரியின் செருப்புச் சத்தம், அதன் பிறகு மற்றவர்களுடையது. ஒருத்தியும் வண்டியில் ஏறவில்லை. பத்துப் பச்சை முதுகுகளும் நிறுவனத்தின் பெயரைச் சுமந்துகொண்டு காரைக்குடியை நோக்கி நடந்தன. வெறும் வண்டி பின்னால் ஊர்ந்தது.

"என்னக்கா, வண்டி ரிப்பேரா?" என்றார் ஒரு தேநீர்க் கடைக்காரர்.

"வண்டி நல்லாத்தேன் இருக்கு. முதலாளிதேன் மக்கர் பண்ணுறாக."

ஒரு கிலோமீட்டர் கடந்ததும் வண்டி அருகில் வந்து நின்றது. கலீல் தலையை நீட்டினார்.

"ஏறுங்கக்கா."

"எதைப் போட்டுக்கிட்டு?"

"போட்டிருக்கிறதைப் போட்டுக்கிட்டு."

"நாங்க ஒதுங்குறதுக்கு ஓட்டல்ல இடம்?"

"இன்னிக்கே பேசுறேன்."

"பேசிட்டு வாங்க பாய். அதுவரைக்கும் நடக்குறோம்."

வண்டி முன்னே போய்விட்டது. பெண்கள் ஓட்டலின் பின்வாசலை அடைந்தபோது மணி ஏழேகால். கலீல் அங்கே நின்றிருந்தார். அருகே ஓட்டல் மேலாளர். பணியாளர் கழிப்பறைக் கதவு திறந்திருந்தது. மேலாளர் முகத்தில் கடுப்பு இருந்தது, கதவு என்னவோ திறந்துதான் இருந்தது. பாண்டீஸ்வரி முதல் ஆளாக உள்ளே போனாள்.

கலீல் சோணையம்மாளைத் தனியே அழைத்தார். "எல்லாம் நீங்க கேட்டபடி ஆச்சு. கேக்காம வெட்டுனது தப்புன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்கக்கா. எனக்கும் ஒரு மரியாதை வேணும்ல."

"மரியாதைக்கு என்ன பாய், உங்க பேரைத்தேன் முதுகுல போட்டு ஊரு பூரா நடந்து வந்தோம். தப்புன்னு சொல்ல மாட்டேன்."

ஆனி மாதம் பெண்களைக் கேட்டு, அளவெடுத்து, இரண்டு பை வைத்த முழுக்கைச் சட்டைகள் தைத்து வந்தன. அதன் பிறகும் கலீல் இருமுறை அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுப் பார்த்தார். சோணையம்மாள் இன்றும் அவரிடம்தான் மேஸ்திரியாக வேலை பார்க்கிறார். அந்த வார்த்தையை இன்றுவரை சொல்லவில்லை.