முதல் நான்கு வரிகள்

ஜெயபுரத்தில் எங்கள் வீட்டை அயலவர்கள் ஏதோ அரசாங்க அலுவலகம் போல ‘சின்னக் கந்தோர்’ என்று கேலி செய்வார்கள். சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த காலத்திலிருந்து ஊரில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவள் நான். வீட்டுத்திட்டம், ஆடு, தையல் மெஷின், தண்ணீர்ப் பம்பி, எதற்கென்றாலும் படிவத்தைச் சுருட்டிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். இவள் எழுதினால் கிடைக்கும் என்று ஒரு கதை பரவியிருந்தது.

கிடைத்ததில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. படிவங்களைப் பார்ப்பவர்கள் முதல் நான்கு வரிக்கு மேல் வாசிப்பதில்லை என்பதை வெகு சீக்கிரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அதனால் என்ன வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுவேன். யார் செத்தார், யார் காணாமல் போனார், எந்தக் கால் போனது என்பதை முதலில் எழுதுவேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இரண்டு ஆடு எடுப்பதற்காக அவருடைய கணவரையும் ஒரு கண்ணையும் முதல் வரியிலேயே போட்டேன். அவர் கோபிக்கவில்லை. ஆடு குட்டி போட்டதும் அந்தப் பாலில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் அப்படி எழுத முடியவில்லை. என் அண்ணா கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து செத்துப்போனார். வீட்டுத்திட்டப் படிவம் வந்தபோது அம்மா என் கையைப் பிடித்து, “அண்ணாவை இதில எழுதாதை, பிள்ளை. அவனைக் காட்டி எனக்கு வீடு வேண்டாம்” என்றார். நான் எழுதவில்லை. எங்கள் பெயர் பட்டியலில் பின்னுக்குப் போனது. அயலில் எல்லோரும் ஓட்டு வீட்டுக்குள் போன பிறகும் இரண்டு மாரி நாங்கள் தகரக் கொட்டிலில் ஒழுக்குக்குச் சட்டி வைத்துக்கொண்டிருந்தோம். அம்மா ஒரு நாளும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் சொன்னேன், பல தடவை.

இத்தனை விண்ணப்பங்களுக்கும் இடையில் நான் ஒரு நாவலும் எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு சீ.ஆர். கொப்பியின் தாள்கள் நிறைந்துவிட்டன. ஒரே கிணற்றுக்குச் சண்டை பிடிக்கும் இரண்டு மச்சாள்மாரின் கதை. ஒரு சாவும் இல்லை. வாசிப்பவர்கள் சிரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதியது. ஆனால் மூன்றாவது கொப்பியிலிருந்து அந்த இரண்டு பெண்களும் என் சொல்லைக் கேட்கவில்லை. எங்கே பிழை விட்டேன் என்று கேட்க ஊரில் எனக்கு ஆளில்லை. அந்த நேரம்தான் மலைநாட்டில் பத்து நாள் எழுத்துப் பட்டறை நடக்கப்போவதாகப் போனில் ஓர் அறிவித்தல் வந்தது. வசதியில்லாத சிலருக்குப் போக்குவரத்தும் தங்குமிடமும் தருவார்களாம். நம்மைப் பற்றியும் நாவலைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். முப்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு விண்ணப்பம்.

கை பழகிய வழியிலேயே போனது. முதல் நான்கு வரியில் அண்ணாவைப் போட்டேன். பிறகு பக்கம் முழுக்க அவர்தான். மச்சாள்மாருக்குக் கடைசியில் இரண்டு வரி மிஞ்சியது. திரும்ப வாசித்துப் பார்த்து, நல்ல விண்ணப்பம் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அனுப்பி மூன்று கிழமையில் அழைப்பு வந்தது. முற்றத்தில் அம்மாவோடு நெல் காயவிட்டுக்கொண்டிருந்தேன். கை முழுக்கத் தூசி என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். பேசிய பெண் கனிவானவர்.

“உங்களைத் தெரிவு செய்திருக்கிறம். உங்கட அண்ணாவைப் பற்றி வாசிச்சு எல்லாரும் அழுதிட்டம். அந்தக் கிணத்துக் கதையை விட்டிட்டு இதையே நாவலா எழுதுங்கோவன்.”

நான் நன்றி சொல்லி வைத்தேன். காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அம்மா நின்றுவிட்டார்.

“அண்ணாவையோ எழுதினனீ?”

“ஓம் அம்மா.”

“எடுத்து வாசி.”

ஏச்சு விழப்போகிறது என்று எண்ணிக்கொண்டே வாசித்தேன். அண்ணா பங்கருக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தது, ஷெல் விழுந்தது, அவரை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் நடந்தது. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பிறகு?”

“அவ்வளவுதான் அம்மா.”

“அவன் செத்தது மட்டுமோ? இருபத்தொரு வருசம் இருந்தவன், பிள்ளை.”

அம்மா குனிந்து நெல்லைக் கிளறத் தொடங்கினார். ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். கொஞ்சம் பொறுத்து, “நீ போயிட்டு வா. நான் மறிக்கேல்லை” என்றார். மனதாரத்தான் சொன்னார். அன்று பின்னேரமே அலுமாரியிலிருந்து என் நல்ல சேலைகள் இரண்டை எடுத்துக் கொடியில் காற்றாட விட்டிருந்தார்.

நான் போகவில்லை. ஒரு வீட்டுக்காகக்கூட அம்மா கொடுக்காத ஒன்றைக் கொடுத்து நான் பத்து நாள் பட்டறையை வாங்கியிருந்தேன். போன் எடுத்து, என்னால் வர முடியாது என்று சொன்னபோது அந்தப் பெண் உண்மையாகவே கவலைப்பட்டார். அடுத்த முறை கட்டாயம் விண்ணப்பியுங்கோ என்றார். சேலைகளை அம்மா மடித்து உள்ளே வைத்தார்.

பிறகு ஐந்தாவது கொப்பி வாங்கினேன். அண்ணா இருந்த அந்த இருபத்தொரு வருசத்தை அம்மாவுக்கு எழுதிக் காட்டலாம் என்று ஆசை. அண்ணா சைக்கிளில் என்னை முன்னால் ஏற்றி வைத்து வாய்க்காலுக்குள் விழுந்ததை எழுதத் தொடங்கினால் நாலாம் வரியில் ஷெல் விழுகிறது. பச்சை மிளகாய் தின்று பந்தயம் வென்றதைத் தொடங்கினாலும் விழுகிறது. கிழித்த தாள்கள் அடுப்பெரிக்கப் போயின.

போன கிழமை, ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண் கோழி வளர்ப்பு உதவிக்கென்று படிவத்தோடு வந்தார். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னேன். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே, “உங்கட வீட்டில ஆர் இல்லை?” என்று கேட்டேன்.

குசினிக்குள் அம்மா தேங்காய் துருவும் சத்தம் நின்றது.