ஒன்பது நிமிட நிழல்

சூளகிரிக்கு உள்ளே, ஒரு ரோஜாத் தோட்டத்தின் ஓரத்தில் ஐந்து சோலார் பேனல்களை நிறுத்தியிருந்தேன். ஓசூரில் ஷிஃப்ட் வேலை. கூடவே பகுதிநேர பிஎச்.டி. ஆசை. மூன்று மாத அளவீட்டைக் குறையில்லாமல் கொண்டுவந்தால் பதிவு, இல்லையென்றால் வீட்டைப் பார்த்துப் போ என்று கைடு சொல்லிவிட்டார். முப்பத்தாறு வயதில் என்னை வேறு யார் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப் போகிறார்கள்?

மூன்றாவது பேனல்தான் என் உயிரை வாங்கியது. தினமும் பத்தே முக்காலுக்கு அதன் மின்சாரம் பாதியாக இறங்கும். ஒன்பது நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஏறிவிடும். கிட்டே மரமில்லை, கம்பமில்லை. பேனலை மாற்றினேன், வயரை மாற்றினேன். சனியன், அந்த இடத்தைவிட்டுப் போகவே இல்லை.

கடைசியில் லீவு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். பத்தே முக்காலுக்குத் தோட்டத்துக்கார அக்கா வந்தார். கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மூன்றாவது பேனலுக்கு முன்னால் நின்று அதன் கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா! என்ன பண்றீங்க?" என்று கத்தியேவிட்டேன்.

அவர் திரும்பவில்லை. "இதுல அவுரு தெரியறாரு தம்பி. இங்கதான் குந்திக்கினு களி திம்பாரு."

பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டது. "என் படிப்பே போயிடும்க்கா" என்றேன். பாவம், கேட் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, பத்து நாள் இருந்துவிட்டு வருவதாகச் சிங்காரப்பேட்டை அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். செடிகளை வெட்டிக் கவாத்து செய்திருந்ததால் பூப் பறிக்கவும் ஆள் வரவில்லை.

பதினோராம் நாள் போனேன். நான் போட்ட பூட்டு போட்டபடியே இருந்தது. மின்சாரத்தைக் குறித்துவைக்கும் கருவியை லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன். பத்து நாளும், பத்தே முக்கால், ஒன்பது நிமிடம். மற்ற நான்கு பேனல்களும் நல்ல வெயிலில் இருந்திருக்கின்றன. லேப்டாப்பை மூடாமலேயே தூக்கிக்கொண்டு கேட்டைப் பார்த்து ஓடினேன்.

மறுநாள் யுனிவர்சிட்டி கமிட்டியில் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "யாரோட நிழல்?"

"நிலத்துக்காரம்மா சார். தினமும் வந்து நிப்பாங்க" என்றேன். அந்தப் பத்து நாளையும் அவர் தலையிலேயே கட்டினேன். காரணம் தெரிந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பதிவு கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தேன். நான் மட்டும் ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை.

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அக்கா ஊரிலிருந்து வந்திருந்தார். சாவியை வாங்கிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"நா இல்லாதப்ப அவுரு வந்தாரா தம்பி?"

பேராசிரியர்களிடம் கூசாமல் பொய் சொன்ன வாய்க்கு அங்கே பொய் வரவில்லை.

"வந்தாருக்கா."

"எவ்ளோ நேரம் இருந்தாரு?"

"ஒன்பது நிமிஷம்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"கரென்ட்டு போறதுக்குள்ள மோட்டாரு போடணும்னு அப்பிடித்தான் அள்ளி அள்ளி முழுங்குவாரு. செத்தும் நிதானமா திங்க மாட்டேங்கறாரு பாரு தம்பி."