உச்சத்துக்குப் பின் நாற்பது நிமிடம்

திங்கட்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கிள்ளானிலிருந்து படகோட்டி ரவி அழைத்தார். "சார், நம்ம கேப்டன் போயிட்டாரு." கோப்பையை எங்கே வைத்தேன் என்று இப்போதும் நினைவில்லை.

கேப்டன் குணசேகரன் கிள்ளான் ஆற்றில் முப்பது ஆண்டுகள் இழுவைப் படகு ஓட்டியவர். நான் அதே கம்பெனியில் கடல் ஏற்ற இறக்க நேரங்களைக் கணக்கிட்ட எழுத்தர். தண்ணீர் என்றாலே பயம். அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா, தெரியவில்லை. ஆனால் இதை நான்தான் சொல்ல வேண்டும்.

ஒருமுறை இரும்பு உத்தரங்கள் ஏற்றிய மிதவையை, பாதி கட்டிய பாலத்தின் இரு தூண்களுக்கு நடுவே அவர் இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. நீரோட்டம் நின்றால்தான் முடியும்; இல்லையேல் மிதவை தூணில் மோதும். மேலே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஓட்டம் காலை பத்து பத்துக்கு நிற்கும் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அன்று என்னையும் படகில் ஏற்றிக்கொண்டார்.

பத்து பத்து ஆயிற்று. கேப்டன் ஒரு தேங்காய் மட்டையை ஆற்றில் போட்டார். அது நிற்காமல் உள்நோக்கிப் போனது.

"சார், தண்ணி ஏறுறது நின்னுருச்சு. ஓடுறது நிக்கல, பாருங்க."

என் தாளை எடுத்துப் பார்த்தேன். நீர்மட்டம் உச்சத்தைத் தொடும் நேரத்தையே ஓட்டம் நிற்கும் நேரமாக எழுதியிருந்தேன். ஆற்றுக்குள் இரண்டும் வேறு.

வயர்லெஸில் மேலாளர் கத்தினார். "என்னலா வெயிட் பண்றீங்க? பேப்பர்ல பத்து பத்துதானே?"

"பேப்பர் ஆபீஸ்ல இருக்கு பாஸ், மட்டை ஆத்துல இருக்கு. பொறுங்கலா!"

நாற்பது நிமிடம் கழித்து மட்டை நின்றது. மிதவை இரு தூண்களையும் உரசாமல் கடந்தது. மேலிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

கரையில் மேலாளர் தாமதத்துக்குக் காரணம் கேட்டார். நான் வாய் திறக்குமுன் கேப்டன் சொன்னார்: "சாரும் நானும் சேர்ந்துதான் பாத்தோம் பாஸ். இனிமே ஓட்டம் நிக்கிறதுக்கு சார் தனியா நேரம் போடுவாரு."

போட்டேன். மாதந்தோறும் மட்டையோடு அவருடன் ஆற்றுக்குப் போனேன். அதன்பின் எங்கள் மிதவை ஒன்றுகூட எந்தத் தூணையும் தொட்டதில்லை.

நேற்று அஸ்தி கரைக்கப் புறப்பட்டபோது ரவி கேட்டார்: "எத்தன மணிக்கு சார்?"

"உச்சம் எட்டு ஐந்து. ஓட்டம் திரும்புவது எட்டு நாற்பத்தைந்து." வாழ்நாளில் முதன்முறையாக மறுபடி சரிபார்க்கவில்லை.

எட்டு ஐந்துக்கே புரோகிதர் அவசரப்படுத்தினார். "இருங்க ஐயா!" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

எட்டு நாற்பத்தைந்து. படகோரம் மிதந்த சாமந்திகள் நின்றன. பிறகு மெல்லக் கடல் பக்கம் திரும்பின. அஸ்தியை விட்டோம். ரவி படகுச் சங்கை ஊதினார். ஆற்றிலிருந்த இழுவைப் படகுகள் எல்லாம் ஊதின.

புறப்படுங்கள், கேப்டன். ஓட்டம் திரும்பிவிட்டது.