நாலு நாற்பத்தேழுக்குப் பிறகு

சிவாஜினி இதை இதுவரை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறாள். மூன்று தடவையும் ஒரு நிமிடம்கூட முன்பின் மாறவில்லை. நேரங்கள் எல்லாம் அவளுடைய போனில் பதிவாகி இருக்கின்றன. நம்பாதவர்களுக்கு எடுத்துக் காட்டுவாள். காட்டும்போது அவள் மட்டும் திரையைப் பார்க்க மாட்டாள்.

2021, ஜூன் மாதம். கொரோனாவுக்காக நாடு முழுக்கப் பயணத்தடை போட்டிருந்தார்கள். பல்கலைக்கழகம் விடுதிகளைக் காலி செய்து பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. விரிவுரை, பரீட்சை எல்லாம் இனி ஸூமில்தான் என்று அறிவித்தல் வந்தது.

சிவாஜினி புவியியல் இறுதி ஆண்டு மாணவி. வீடு சாம்பல்தீவில். அங்கே கிணற்றடியில் நின்றால் சிக்னல் ஒரு கோடு, வேலியோரம் போனால் இரண்டு கோடு. கச்சான் எனும் வெப்பமான தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் அதுவும் இல்லை. ஒரு விரிவுரைக்குள் நாலு தடவை அறுந்துபோகும்.

அவளுடைய அப்பா இரத்தினசிங்கம் படகு எஞ்சின் திருத்துகிறவர். திருகோணமலை நகரத்தில், உட்துறைமுக வீதியில், கிண்ணியா சரீப் நானாவின் கடையில் வேலை. மீன்பிடிக்குத் தடை இல்லாதபடியால் அந்தக் கடைக்குப் பாஸ் கிடைத்திருந்தது. கடையின் மேல்மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. அங்கே சிக்னல் முழுதாக வந்தது. பிள்ளை இருந்து படிக்கட்டும் என்று சரீப் நானா சாவியைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வருவாள். பின்னேரம் அவரோடு திரும்புவாள்.

சின்ன அறை. ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் கதிரை. மூலையில் உடைந்த எஞ்சின் சாமான்கள். துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு ஜன்னல், அதன் கீழே ஆட்கள் இருப்பதற்கு நீளமான மர வாங்கு. பன்னிரண்டு மரப்படிகள் ஏறினால்தான் அறைக்கு வரலாம். யார் ஏறினாலும் படி சத்தம் போடும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவள் இருப்பாள். வெளிச்சம் அப்படித்தான் வாய்த்தது.

திங்கட்கிழமை. காலை 8.42.

விரிவுரை நடந்துகொண்டிருந்தபோது கூடப் படிக்கும் பஹ்மியா வாட்ஸப்பில் எழுதினாள்.

"ஒண்ட பின்னால இருக்கிற புள்ள ஆரு?"

சிவாஜினி திரும்பிப் பார்த்தாள். வாங்கு வெறுமையாக இருந்தது. ஜன்னல் கதவு காற்றில் மெல்ல ஆடியது. ஒருவரும் இல்லை என்று பதில் போட்டாள். பஹ்மியா பகிடி விடுகிறாள் என்றுதான் நினைத்தாள்.

பஹ்மியா பதிலுக்கு ஒரு படம் மட்டும் அனுப்பினாள். விரிவுரைத் திரையை அப்படியே பிடித்த படம். சிவாஜினியின் சதுரத்தில், அவளுடைய தோளுக்கு அப்பால், வாங்கில் ஒரு பெண்பிள்ளை. முதுகு மட்டும் தெரிந்தது. வெள்ளைச் சட்டை. ஒற்றைப் பின்னல். ஜன்னலால் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே காயப்போட்ட துணியின் நிழலாக இருக்கும் என்று சிவாஜினி தன்னைத் தேற்றிக்கொண்டாள். மேலே துணி ஒன்றும் காயவில்லை.

புதன்கிழமை. 10.15.

இந்த முறை அவளே கண்டாள். தன் சதுரத்தில், தன் தோளுக்குப் பின்னால் அதே வெள்ளைச் சட்டை. ஆனால் திங்கட்கிழமை முதுகு மட்டும் தெரிந்தது. இப்போது ஒரு காதும் கன்னத்தின் ஓரமும் தெரிந்தன.

திரும்பினாள். வாங்கு வெறுமை. மறுபடி திரையைப் பார்த்தாள். அந்தப் பெண்பிள்ளை அங்கேயே இருந்தாள்.

கமராவை அணைத்தாள். கீழே அப்பா ஏதோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த விரிவுரை முடியும்வரை இருந்தாள். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நாள் கூட்டிவர மாட்டார். வெள்ளிக்கிழமை அவளுக்கு ஆய்வேட்டுக்கான வாய்மொழிப் பரீட்சை இருந்தது. திருகோணமலை உட்துறைமுகத்தின் கரை எப்படி மாறியது என்பதுதான் அவளுடைய ஆய்வு. அந்தப் பரீட்சையைத் தவறவிட்டால் அடுத்த வருடப் பிள்ளைகளோடுதான். கொரோனாவால் ஏற்கெனவே ஒரு வருடம் போய்விட்டது. இன்னொரு வருடம் என்று வீட்டில் சொல்ல அவளுக்கு வாய் வராது.

வியாழக்கிழமை வீட்டில் நின்று முயன்று பார்த்தாள். பத்து நிமிடத்தில் மூன்று தடவை அறுந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடி அந்தப் பன்னிரண்டு படியும் ஏறினாள்.

பின்னேரம் மூன்று மணிக்கு அப்பாவை நிலாவெளிக்குக் கூப்பிட்டார்கள். கடலில் எஞ்சின் நின்றுபோய் ஒரு படகை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லி, கடைக் கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டுப் போனார்.

4.30. பரீட்சை தொடங்கியது. விரிவுரையாளர் தனஞ்சயனும் வெளியிலிருந்து ஒரு பெண் பரிசோதகரும் திரையில் இருந்தார்கள். கமரா கடைசிவரை திறந்திருக்க வேண்டும். அறையில் வேறு ஒருவரும் இருக்கக்கூடாது. அதுதான் விதி.

4.36. பரிசோதகர் பேச்சை நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்தார்.

"உங்களோட வேற ஆரோ இருக்கினமோ?"

"இல்லை மிஸ். நான் தனியத்தான்."

"போனைச் சுத்திக் காட்டுங்கோ."

காட்டினாள். சுவர்… எஞ்சின் சாமான்கள்… வாங்கு… ஜன்னல்… படிவாசல். ஒருவரும் இல்லை. சரி, தொடரலாம் என்றார் தனஞ்சயன். அவள் போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு இருந்தாள்.

முதல் கேள்விக்கு எப்படியோ பதில் சொன்னாள். இரண்டாவதற்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது…

கிறீச்.

வாங்கில் இருந்து யாரோ எழும்பிய சத்தம்.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் கேள்வி கேட்பார்கள். எழும்பினால் ஒரு வருடம். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினாள்.

4.44. ஒரு காலடி.

வெறுங்கால். மரப்பலகையில்.

இன்னொன்று…

கழுத்தில் குளிர்ந்த காற்று பட்டது. வெளியே கச்சான் வீசிக்கொண்டிருந்தது. கச்சான் குளிராது.

4.46. மூன்றாவது கேள்வியைக் கேட்டார்கள்.

அவள் திரையைப் பார்த்தாள்.

கதிரைக்குப் பின்னால் அந்தப் பெண்பிள்ளை நின்றாள்.

குனிந்தாள்.

பின்னல் முன்னால் விழுந்து சிவாஜினியின் தோளில் தொட்டது.

தோளில்… ஈரம்.

4.47.

சிவாஜினி ஓடினாள். போனை எடுக்கவில்லை. செருப்பைப் போடவில்லை. பன்னிரண்டு படியில் எத்தனையை மிதித்தாள் என்று தெரியாது. பாதி இறங்கியிருந்த கதவின் கீழால் நுழைந்து, ஆளில்லாத வீதியைக் கடந்து, கடலோரத் தடுப்புச் சுவரடியில் போய் விழுந்தாள். முழங்கால் உரிந்து இரத்தம் வந்தது.

பயணத்தடையால் வீதியில் ஒரு வாகனமும் இல்லை. கடலும் அந்த வீதியும் அவளும்தான். மேல்மாடி ஜன்னல் திறந்திருந்தது. அதைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். கடைக் கதவால் யாரும் வெளியே வரவில்லை. அதை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். போயிற்று, என்னுடைய வருடம் போயிற்று என்று மட்டும்தான் மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

5.20க்கு அப்பா வந்தார். மகள் வெறுங்காலோடு இரத்தம் வழிய வீதியோரம் இருப்பதைக் கண்டு பதறிப்போனார். படியில் வழுக்கிவிட்டது, பரீட்சையும் பிழையாகிவிட்டது என்று சொல்லி அழுதாள். அவர் மேலே போய்ப் போனையும் செருப்பையும் எடுத்துவந்தார். மேலே ஒருவரும் இல்லை என்றார். அவள் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். போன் சுட்டது. அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

அன்று இரவு அவள் போனைத் தொடவில்லை.

சனிக்கிழமை காலை 9.05க்குத் தனஞ்சயனுக்கு அழைப்பு எடுத்தாள். மன்னிப்புக் கேட்டு, இன்னொரு நாள் தரச் சொல்லிக் கெஞ்சுவதென்று நினைத்திருந்தாள். பயணத்தடை, சிக்னல், காய்ச்சல்… சொல்வதற்குப் பொய்களையும் ஆயத்தமாக வைத்திருந்தாள்.

"சேர், நேற்று நான் இடையில…"

அவர் சிரித்தார். தொடக்கத்தில் கொஞ்சம் தடுமாறினாலும் பிறகு நன்றாகப் பிடித்துக்கொண்டீர்கள் என்றார். வெளிச்சம் குறைவு, முகம் சரியாகத் தெரியவில்லை என்பதைத் தவிரப் பரிசோதகருக்கு ஒரு குறையும் இல்லையாம். ஏ தரம் கிடைக்கும் என்றார். கடைசி அரை மணித்தியாலத்துக்காகவே கொடுக்கலாமாம்.

சிவாஜினி சுவரில் சாய்ந்தாள்.

"எத்தினை மணி வரைக்கும் சேர் நான் கதைச்சனான்?"

"ஐஞ்சு பன்னிரண்டு வரைக்கும். ஏன் சிவாஜினி?"

அவரே தொடர்ந்து சொல்லிக்கொண்டு போனார். உட்துறைமுகத்தில் முன்பு கடல் எதுவரை வந்தது என்று கேட்டாராம். வீதி இருக்கிற இடம் அப்போது தண்ணீர் என்றும், இறங்குவதற்கு ஏழு கற்படி இருந்தது என்றும், பக்கத்தில் ஒரு வாகை மரம் நின்றது என்றும் பதில் வந்ததாம். அவர் பழைய நில அளவைப் படத்தை எடுத்துப் பார்த்தாராம். அத்தனையும் சரியாம்.

"ஆனா உங்கட ஆய்வில அது ஒண்டும் இல்லையே. எங்க எடுத்தீங்கள் எண்டு கேட்டன். 'ஜன்னலால தெரியுது சேர்' எண்டீங்கள். பகிடியாக்கும் எண்டு நாங்களும் சிரிச்சிட்டம்."

முற்றத்தில் அப்பா மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"பிறகு, சேர்?"

"பிறகு என்ன, நீங்கள் ஏதும் கேக்க இருக்கோ எண்டு கேட்டம். கேர்பியூ எடுத்தாச்சோ, இனி நான் போகலாமோ எண்டு கேட்டீங்கள். போட்டிருக்கிறது பயணத்தடை, இந்தப் பிள்ளை பழைய ஊரடங்கு மாதிரிக் கேர்பியூ எண்டு சொல்லுது எண்டு மிஸ்கூடச் சொன்னவ. ஓம், இனிப் போங்கோ எண்டு நான்தான் சொன்னன்."

தனஞ்சயன் மறுபடி சிரித்தார்.

"இந்த நாளில எப்பிடித் தனியப் போவீங்கள் எண்டும் கேட்டனான். கீழ ஒரு பிள்ளையின்ர அப்பா மோட்டச்சைக்கிள்ல வாறார், அவையோட ஏறிப் போறன் எண்டீங்கள்."