பிரேமா அக்கா வாங்கின தறி வீடு

பிரேமகுமாரி அக்காவைப் போலப் பயப்படுகிற மனுஷியை நான் பார்த்ததில்லை. திருத்தணி - ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் கண்டக்டர் நான். பயந்த முகங்களைத் தினமும் பார்க்கிறவன். சில்லறை இல்லாமல் முழிப்பவர்கள், ஸ்டாப்பைத் தவறவிட்டுவிடுவோமோ என்று எட்டி எட்டிப் பார்ப்பவர்கள் எல்லாம் எனக்குப் பழக்கம். அக்காவின் பயம் வேறு ரகம். மிஷன் ஆஸ்டலில் சமையல் வேலை. கேஸை மூடினோமா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டால் பாதிப் பிரசங்கத்தில் எழுந்து ஓடுவார். எங்கள் போதகர் ஐயர் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவார். எங்கள் சபைக்கு இது பழகிப்போன காட்சி.

கேலி செய்வேனே தவிர, காரணம் எனக்குத் தெரியும். அக்காவுக்குச் சொந்தமாக ஒரு சுவர்கூட இருந்ததில்லை. பிறந்தது மிஷன் குவார்ட்டர்ஸில், வாழ்க்கைப்பட்டு வந்தது இன்னொரு குவார்ட்டர்ஸுக்கு, கணவர் இஸ்ரேல் கண்ணை மூடியதும் அங்கேதான். ஆணி அடிக்கக்கூட ஆபீஸில் கேட்கவேண்டும். இப்போது ரிட்டயர்மென்ட். பென்ஷன் கிடையாது, பிள்ளைகள் கிடையாது. மே மாதக் கடைசியில் காலி செய்யவேண்டும். தங்கை எவாஞ்சலின் தன் வீட்டுப் பின்னறையைத் தருகிறேன் என்றாள். படுக்க இடம் ஆயிற்று, சாப்பாட்டுக்கு? வருகிற பி.எஃப். பணத்தில் சின்னதாக ஒரு வீடு வாங்கி, வாடகைக்கு விட்டு, அதில் சாப்பிடுவது என்று முடிவெடுத்தார். யார் சொன்ன யோசனையோ, நல்ல யோசனைதான். ஆனால் அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போயிற்று.

"ஒரு மாசம் வீடு காலியா கெடந்துச்சின்னா, அந்த மாசம் நான் இன்னா சாப்புடறது ஜெபா?" என்று பஸ்ஸில் என்னைப் பிடித்துக்கொள்வார். நான் டிக்கெட் போடுவேனா, இவருக்குப் பதில் சொல்வேனா?

புரோக்கர் பங்காரு முதலில் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு வீட்டைக் காட்டினான். "ஆடிக் கிருத்திகைக்கு வந்து பாருங்கம்மா. காவடிக்காரங்க வாசப்படில கூட படுத்துக்குவாங்க. கேக்கற வாடகை குடுப்பாங்க."

"கிருத்திகை முடிஞ்சதும்?" என்று கேட்டார் அக்கா. பங்காரு மலையைப் பார்த்தான்.

அடுத்தது மணவூர். ஸ்டேஷனுக்குப் பக்கம், சென்னைக்கு ரயிலேறுகிறவர்கள் ஓடி வருவார்கள் என்றான். வீடு புத்தம் புதுசு. ஆனால் அந்தத் தெரு முழுக்க கேட்டுக்கு கேட் டு-லெட் போர்டு தொங்கியதாம். அக்கா உள்ளே கால் வைக்காமலே திரும்பிவிட்டார். காற்றில் அந்த போர்டுகள் அடித்துக்கொள்கிற சத்தம் காதை விட்டுப் போகவில்லை என்று ஒரு வாரம் புலம்பினார்.

மூன்றாவது எங்கள் ரூட்டிலேயே அமைந்தது. ஆர்.கே.பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு. முன்கூடத்தில் நாலு விசைத்தறி. எல்லப்பன் என்கிறவர் குடும்பத்தோடு அங்கேயே வாடகைக்குக் குடியிருந்து லுங்கி நெய்கிறார். அவருடைய நாலு தறியும் தரையில் போல்ட் போட்டு இறுக்கியது. தெருமுனையிலேயே சத்தம் காதைப் பிளக்கும். வேறு யாராயிருந்தாலும் ஓடியிருப்பார்கள். அக்காவோ அந்த போல்ட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"பொட்டி படுக்கைய தூக்கிகினு யார் வேணா போவலாம் ஜெபா. தரையில முடுக்கி வெச்சவன் அவ்ளோ சீக்கிரம் போவமாட்டான்ல?"

வாழ்க்கையில் முதல்முறையாக அக்கா பயத்தை விட்டு யோசித்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அடுத்த வாரம் பத்திரம்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீடோ நிலமோ, பத்திரம் போடுவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஜெபம் வைத்துவிடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒரு வேன் பிடித்துப் போனோம். எல்லப்பன் தறிகளை நிறுத்தினார். அவர் மனைவி அம்மு பாய் விரித்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு அடுப்படிப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார். நாங்கள் பாடினோம். ஐயர் நிலைக்கதவுக்கு, தரைக்கு, கிணற்றுக்கு, அக்காவின் வருங்காலத்துக்கு என்று ஒன்று விடாமல் ஜெபித்தார். அந்த வீட்டில் குடியிருக்கிறவர்களுக்காக மட்டும் யாரும் ஜெபிக்கவில்லை. அவர்களிடம் நாலு வார்த்தை பேசவுமில்லை. நானும்தான், பிஸ்கெட் தின்றுவிட்டு வந்தேன். தறிக்கு மேலே சுவரில் வெறும் ஆணி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதில் எதையும் காணோமே என்று எவருக்கும் தோன்றவில்லை.

நாலு நாள் கழித்து அக்கா ஆர்.கே.பேட்டையில் இறங்கினார், ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன் என்று. வண்டி அங்கே கொஞ்ச நேரம் நிற்கும். டிரைவர் ஆறுமுகமும் நானும் டீ வாங்கி வாயில் வைக்கவில்லை, அக்கா திரும்ப ஓடி வருகிறார். முகத்தில் ரத்தம் இல்லை.

"ஜெபா, சத்தமே கேக்கல!"

"கரண்ட் இருக்காதுக்கா."

"டீக்கடைல ஃபேன் சுத்துதே, பாரு!"

நிமிர்ந்து பார்த்தேன். சுற்றிக்கொண்டிருந்தது. ஆறுமுகத்தை வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அக்காவோடு கிளம்பினேன்.

போனோம். கதவு திறந்திருந்தது. எல்லப்பன் தரையில் உட்கார்ந்து ஸ்பேனரை வைத்துக்கொண்டு போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு தறிகளைப் பெயர்த்து ஓரமாய்த் தள்ளியாயிற்று. தரையில் பள்ளம் பள்ளமாய் ஓட்டை. சாமான்களை மூட்டை கட்டியிருந்தார்கள். ஒரு மூட்டையின் வாயில் முருகர் படத்தின் கண்ணாடி எட்டிப் பார்த்தது. அந்த வெறும் ஆணியின் கதை அப்போதுதான் எனக்குப் புரிந்தது: நாங்கள் ஜெபத்துக்கு வருகிறோம் என்று படத்தை இறக்கியிருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது.

அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இன்னாத்துக்குங்க காலி பண்றீங்க? நான் ஒண்ணுமே சொல்லலியே!"

அம்முதான் முன்னால் வந்தார். "நீங்க சொல்றவரைக்கும் காத்துகினு இருந்தா நாங்க எங்கம்மா போவோம்? அத்தன பேர் வந்து கும்பிட்டுட்டு போனீங்க. எங்க மூஞ்ச ஒருத்தரும் பாக்கல. வீட்ட உங்க ஆளுங்களுக்குத்தான் உடுவீங்கன்னு நாங்களே புரிஞ்சிகினோம். எங்க நைனா காலத்துலேர்ந்து இந்த எடத்துல தறி ஓடுது. கழுத்த புடிச்சி தள்றதுக்கு முன்னாடி போய்டலாம்னுதான்."

அக்கா அழுதார். சபைப் பெண்கள் ஜெபத்தில் அழுவார்களே அந்த அழுகை இல்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு, குழந்தை மாதிரி. "நீங்க போய்ட்டா எனக்கு சோறு இல்லம்மா. ஆஸ்டல்ல நான் காலி பண்ணியாகணும். பொறந்ததுலேர்ந்து இந்த பயத்துலதான் கெடக்கிறேன். நான் போயி உன்ன காலி பண்ண சொல்வனா?"

அம்மு அவரை வெறித்துப் பார்த்தார். வீட்டுக்காரி ஒருத்தி வாடகைக்காரியைப் பார்த்து நடுங்குவதை அவர் எங்கே கண்டிருக்கப்போகிறார்? எல்லப்பன் ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கழற்றின போல்ட்டைப் பழையபடி முடுக்க ஆரம்பித்தார். முருகர் படத்தை எடுத்து ஆணியில் மாட்டச் சொன்னது அக்காதான். அதற்குள் ஆறுமுகம் ஹாரன் அடித்தே தெருவைக் கூட்டிவிட்டார்.

பத்திரம் முடிந்து இப்போது வருஷம் ஒன்றாகப் போகிறது. மாதா மாதம் வாடகை வாங்க அக்கா என் பஸ்ஸில்தான் வருவார். இறங்கியதும் நேரே போகமாட்டார். டீக்கடை ஓரம் நின்று காது கொடுப்பார். தறிச் சத்தம் கேட்டால்தான் நடப்பார். கரண்ட் போயிருந்தால் வருகிறவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பார், வேர்த்துக்கொண்டு. நானும் ஆறுமுகமும் சிரிப்போம்.

போன மாதம் அம்மு திருத்தணிக்கு வந்தார். வண்டியில் கூட்டமில்லை. தொழில் எப்படி என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"நூலு குடுக்கறவரு ரெண்டு மாசமா குடுக்கலண்ணா. எங்க வீட்டுக்காரரு கட்டட வேலைக்கு போய்க்கினு இருக்காரு."

"தறி ஓடுதே, நாங்க கேக்கறமே?"

"அக்கா வர்ற அன்னிக்கு மட்டும் வேலைக்கு போவாம ஒரு தறிய வெறுமனே ஓட்டி வெப்பாரு. சத்தம் இல்லன்னா அவங்க பயந்துடுவாங்கண்ணா. பயந்தா வீட்ட வித்துடுவாங்க. அப்புறம் நாங்க எங்க போறது?"

அக்காவிடம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? நேற்று வாடகை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியவர், "இன்னிக்கி சத்தம் நல்லா கேட்டுச்சு ஜெபா" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

"ஆங், கேட்டுச்சுக்கா" என்றேன்.

இப்போதெல்லாம் ஆர்.கே.பேட்டையில் வண்டி நின்றதும் முதலில் காது கொடுக்கிறவன் நான்தான்.